தெருவுக்கும் ட்ராக்குக்கும் ஒரே பைக்: நம்பி வாங்கக்கூடிய சூப்பர்மோட்டோவைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

மண் பாதைப் பந்தயத்துக்கான மோட்டோகிராஸ் பைக்கின் உடம்பில் 17 அங்குலச் சாலைச் சக்கரம் மாட்டினால் அதுதான் சூப்பர்மோட்டோ. அதை வாங்க முடிவு செய்துவிட்டீர்கள் என்றால், பிடித்த மாடலின் சர்வீஸ் கையேட்டைத் தேடி எடுங்கள். அதில் ஆயில் மாற்றும் அட்டவணைக்குப் போங்கள். இடைவெளி கிலோமீட்டரில் போட்டிருக்கிறதா, மணி நேரத்தில் போட்டிருக்கிறதா? கிலோமீட்டர் என்றால் தெருவுக்கான வகை, மணி நேரம் என்றால் பந்தயத்துக்கான வகை. பைக்கின் பாதி ஜாதகம் அந்த ஒரு வரியில் இருக்கிறது. எச்பி, எடை, விலை எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இந்த இரண்டு வகையும் ஒரே பெயரில் உலவுவதற்குக் காரணம் இந்த விளையாட்டின் பிறப்பிலேயே இருக்கிறது. 1979-ல் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சி, கலிஃபோர்னியாவின் கார்ல்ஸ்பாட் ட்ராக்கில் 'சூப்பர்பைக்கர்ஸ்' என்று ஒரு போட்டி நடத்தியது. மோட்டோகிராஸ், ஃப்ளாட் ட்ராக், ரோடு ரேஸ் என்று மூன்று பக்கத்து வீரர்களையும் தார், மண் இரண்டும் கலந்த ஒரே பாதையில் ஓட விட்டார்கள். அதற்கு மோட்டோகிராஸ் பைக்கிலேயே சாலை டயர் மாட்டினார்கள். பிறகு ஐரோப்பா, முக்கியமாக பிரான்ஸ், இதைத் தத்தெடுத்து வளர்த்தது. 2002-ல் சர்வதேச மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பான எஃப்ஐஎம்-மின் உலக சாம்பியன்ஷிப்பும் வந்தது. போட்டிக்கு மோட்டோகிராஸ் எஞ்சின், தெருவுக்கு அதே தோற்றத்தில் சாதுவான எஞ்சின் என்று அன்றிலிருந்தே இரண்டு கிளைகள். தோற்றத்தைப் பார்த்து வாங்குகிறவர் தவறான கிளையில் ஏறிவிடுவது சுலபம்.

படி 1: எங்கே ஓட்டப்போகிறீர்கள்?

வாரத்தில் எத்தனை நாள் தெருவில், மாதத்தில் எத்தனை நாள் ட்ராக்கில் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஆசையை எழுதாமல் நடக்கப்போவதை எழுதுங்கள். பெரும்பாலோருக்கு இது தெருவில் 95 பங்கு, ட்ராக்கில் 5 பங்கு என்றுதான் வரும். அப்படியானால் தெருவுக்கான பைக்கை வாங்கி ட்ராக்குக்குத் தயார் செய்வதே சரியான வழி. ட்ராக்குக்கான பைக்கை வாங்கித் தெருவில் ஓட்டினால் அது உங்கள் பணத்தையும் பொறுமையையும் கரைத்துவிடும்.

எந்த ட்ராக் என்பதும் முக்கியம். இருங்காட்டுக்கோட்டையில் உள்ள சென்னை ட்ராக் 3.7 கிமீ நீளம். அதன் நேர்ப் பாதைகளில் ஒற்றை சிலிண்டர் சூப்பர்மோட்டோ மூச்சு வாங்கும். காற்றைக் கிழிக்கும் முன் உறை (ஃபேரிங்) உள்ள பைக்குகள் கடந்து போய்க்கொண்டே இருக்கும். கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே சுமார் 2.1 கிமீ. வளைவுகள் நெருங்கி வரும் அந்த மாதிரி இடத்தில் சூப்பர்மோட்டோவின் லேசான உடம்பு வேலை செய்யத் தொடங்கும். இந்த வகை பைக்கின் உண்மையான வீடு இதைவிடச் சின்னதான, கோ-கார்ட் வண்டிகள் ஓடும் கார்ட் ட்ராக்தான். உங்கள் ஊர்ப் பக்கத்தில் இருக்கும் கார்ட் ட்ராக் பைக்குகளை அனுமதிக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். அனுமதிக்கிறது என்றால் 20 எச்பி பைக்கே உங்களுக்கு வருடக்கணக்கில் பாடம் சொல்லித்தரும்.

படி 2: மணிக் கணக்கு எஞ்சினா, கிலோமீட்டர் கணக்கு எஞ்சினா?

மோட்டோகிராஸிலிருந்து வந்த 450 சிசி எஞ்சின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கையேடு 10 மணி நேரத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றச் சொல்கிறது என்று வையுங்கள். சென்னை டிராஃபிக்கில் சராசரி வேகம் மணிக்கு 25 கிமீ என்றால், அந்த 10 மணி நேரம் 250 கிமீயில் தீர்ந்துவிடும். வேளச்சேரியிலிருந்து ஒரகடத்துக்கு வேலைக்குப் போய்வருகிறவருக்கு அது ஒரு வாரம்கூட வராது. ஆயிலோடு முடிந்தால் பரவாயில்லை. இந்த எஞ்சின்களில் பிஸ்டன் மாற்றுவதற்கும் மணிக் கணக்குத்தான். ஆயில் கொள்ளளவு குறைவு, சிக்னலில் நிற்கும்போது காற்றை இழுத்து விட ரேடியேட்டர் ஃபேன் பெரும்பாலும் இருக்காது, பின் ஹப்பில் அதிர்வைத் தாங்கும் ரப்பரும் இருக்காது. செயினின் ஒவ்வொரு உதறலும் நேராக கியர்பாக்ஸுக்குப் போகும்.

இவை மோசமான எஞ்சின்கள் என்று நான் சொல்லவில்லை. பந்தயத்துக்கு இவற்றைவிட அருமையானவை கிடையாது. கையேட்டில் சொன்னபடி மணிக்கு மணி கவனித்தால் நம்பகமாகவே ஓடும். ஆனால் தினசரிப் பயணத்துக்குப் பிறந்தவை இல்லை. இந்தியாவில் இன்னொரு தடையும் உண்டு: கவாசகி கேஎக்ஸ் போன்ற மோட்டோகிராஸ் பைக்குகளைச் சாலையில் ஓட்டப் பதிவு செய்ய முடியாது. 'பேப்பர் ரெடி பண்ணிடலாம்' என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

கிலோமீட்டர் கணக்கு எஞ்சின் வேறு மாதிரி. உதாரணத்துக்கு சுசுகி டிஆர்-இசட்400எஸ்எம். 398 சிசி, லிக்விட் கூலிங், ஐந்து கியர், ஃபேன் உண்டு, ஆயில் மட்டும் கிட்டத்தட்ட 1.7 லிட்டர் பிடிக்கும். சுமார் 40 எச்பிதான். அந்த அடக்கம்தான் அதன் ஆயுள். 2005-ல் வந்த பைக் இன்றும் உலகம் முழுக்க செகண்ட் ஹேண்டில் தேடப்படுவதற்கு வேறு ரகசியம் இல்லை.

படி 3: பட்டியலைச் சுருக்குங்கள்

டிஆர்-இசட்400எஸ்எம்-மிலேயே தொடங்கலாம். சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு இது 2ஏ உரிமத்தின் 400 சிசி வரம்புக்குள் அடங்குவது கூடுதல் வசதி. பழைய வண்டி வாங்கினால் இரண்டு இடங்களைக் கவனியுங்கள். ஒன்று, கேம் செயினைத் தானாக இறுக்கும் டென்ஷனர். வயதாகும்போது அது ஏமாற்றக்கூடியது என்பதால் பலர் கையால் இறுக்கும் வகைக்கு மாற்றிவிடுகிறார்கள். இன்னொன்று, எஞ்சினுக்குள் பிரைமரி கியரையும் மேக்னட்டையும் பிடித்திருக்கும் நட்டு, போல்ட்டுகள். நட்டு கழலாமல் பிடிக்கும் லாக்டைட் பசை போட்டு இறுக்கியிருக்கிறார்களா என்று பழைய ஓனரிடம் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அவர் உடனே பதில் சொன்னால் வண்டியைப் புரிந்து வைத்திருக்கிறார் என்று அர்த்தம். 2024 நவம்பரில் சுசுகி இதன் வாரிசான டிஆர்-இசட்4எஸ்எம்-மை அறிமுகப்படுத்தியது. கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்ஷன், ஏபிஎஸ், ட்ராக்ஷன் கன்ட்ரோல், ஸ்லிப்பர் கிளட்ச் எல்லாம் வந்துவிட்டன.

அடுத்தது கேடிஎம் 690 எஸ்எம்சி ஆர். 2019-ல் திரும்பி வந்தபோது ஒற்றை சிலிண்டரிலேயே 74 எச்பி. ஹஸ்க்வர்னா 701, கேஸ்கேஸ் 700 இரண்டும் இதே எஞ்சின்தான். இரண்டாவது பேலன்சர் ஷாஃப்ட் சேர்ந்ததால் அதிர்வும் முன்பைவிடக் குறைந்தது. 2019-க்கு முந்தைய வண்டி என்றால் வால்வை அழுத்தும் ராக்கர் ஆர்மின் பேரிங் மாற்றப்பட்டிருக்கிறதா என்று பில்லோடு கேளுங்கள். அது தேய்ந்தால் கேம் ஷாஃப்டையும் சேர்த்துக் கெடுக்கும். பெட்ரோல் டேங்கே பின்பக்கச் சட்டமாகவும் இருப்பதால், அதை ஃபிரேமோடு பிணைக்கும் போல்ட்டுகளையும் பாருங்கள். முதல் சூப்பர்மோட்டோவாக இதை யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். இதன் இழுவை அத்தனை திடீர் என்று வரும். நம் ஊரில் பாகம் கிடைப்பதும் பெரும்பாடு.

டுகாட்டி ஹைப்பர்மோட்டார்ட் 698 மோனோ வசதி உள்ளவர்களுக்கு. 659 சிசி, வால்வு சோதனை 30,000 கிமீக்கு ஒருமுறை, இந்தியாவிலும் விற்கிறார்கள். சீட் உயரம் 904 மிமீ என்பதை ஷோரூமில் ஏறி உட்கார்ந்து பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

எதிர்ப்பக்கத்தில் ஒரு எச்சரிக்கை: அப்ரிலியா எஸ்எக்ஸ்வி 550. வி-ட்வின் எஞ்சின், சத்தமும் வேகமும் பிரமாதம். ஆனால் சாலைப் பதிவு எண் மாட்டிய பந்தய பைக் அது. பராமரிப்பும் அதற்கேற்ற மாதிரிதான் இருக்கும். செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கண்ணில் பட்டாலும் தெருவுக்கு வேண்டாம்.

நம் சூழலுக்கு மிகவும் பொருந்துவது என்று நான் நினைப்பது கேடிஎம் 390 எஸ்எம்சி ஆர். 398.7 சிசி, சுமார் 44 எச்பி, பெட்ரோல் இல்லாமல் 154 கிலோ, சீட் 860 மிமீ, முன்னால் 320 மிமீ டிஸ்க். பின் சக்கரத்தில் மட்டும் ஏபிஎஸ்ஸை நிறுத்தும் சூப்பர்மோட்டோ மோடு உண்டு. இதைவிடப் பெரிய காரணம், எஞ்சின் 390 டியூக்கிலும் 390 அட்வெஞ்சரிலும் இருக்கும் அதே குடும்பம். புனே அருகே சாக்கனில் பஜாஜ் ஆலையில் தயாராகிறது. கிளட்ச் பிளேட்டோ வாட்டர் பம்போ வேண்டும் என்றால் மதுரையிலோ திருச்சியிலோ கேட்டு வாங்கிவிடலாம். பழுதாகாமல் இருப்பது நம்பகத்தன்மையின் ஒரு பாதி. பழுதானால் எத்தனை நாளில் மறுபடி ஓடும் என்பது இன்னொரு பாதி. உங்கள் பக்கத்து ஷோரூமில் எஸ்எம்சி ஆர் கிடைக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். 2025 ஏப்ரலில் இந்தியாவுக்கு வந்த 390 எண்டூரோ ஆர் இதன் உடன்பிறப்புதான். ஆனால் முன் சக்கரம் 21 அங்குலம், பின் சக்கரம் 18, முன் டிஸ்க்கும் சின்னது.

படி 4: மாற்றி அமைக்கலாமா?

பட்ஜெட் குறைவு என்பவர்கள் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி மாதிரி ஒன்றை வாங்கி 17 அங்குல ரிம் போட்டுக்கொள்கிறார்கள். எஞ்சின் எளிமையானது, தெருவோர மெக்கானிக்கும் கை வைப்பார், அடித்துப் போட்டாலும் ஓடும். கார்ட் ட்ராக்குக்கு இது நல்ல தேர்வுதான். ஆனால் சக்கரத்தை மாற்றினால் என்னவெல்லாம் சேர்ந்து மாறும் என்று கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள்.

எக்ஸ்பல்ஸின் முன் டயர் 90/90-21. அதன் மொத்த விட்டம் சுமார் 695 மிமீ. அதற்குப் பதில் 110/70-17 போட்டால் 586 மிமீ ஆகிவிடும். அச்சு கிட்டத்தட்ட 55 மிமீ கீழே இறங்குகிறது. பின்னால் 120/80-18-க்குப் பதில் 140/70-17 போட்டால் இறங்குவது 10 மிமீ மட்டுமே. அதாவது முன்பக்கம் 45 மிமீ கூடுதலாகத் தாழ்கிறது. ஃபோர்க்கின் சாய்வு செங்குத்தாகிறது, முன் சக்கரத்தை நேராக வைத்திருக்க உதவும் ட்ரெயில் என்ற அளவு குறைகிறது. வளைவில் சட்டென்று திரும்பும் அந்த சுகம் இதனால்தான் வருகிறது. நெடுஞ்சாலையில் 80-க்கு மேல் ஹேண்டில்பார் உதறுவதும் இதனால்தான் வரலாம். பின்பக்க ஷாக்கில் உயரத்தைக் குறைக்க வழி இருந்தால் கொஞ்சம் குறைத்துச் சமன் செய்யலாம்.

வேகமானியின் சென்சார் முன் சக்கரத்தில் இருந்தால், நீங்கள் 60-ல் போகும்போது அது 71 என்று காட்டும். ஏபிஎஸ் இருக்கும் வண்டியில் சக்கரத்தின் அளவு மாறிவிட்டால் அது கணக்கிடும் வேகமும் பிசகும். நனைந்த சாலையில் அதை நம்பிப் பிரேக் பிடிக்கக் கூடாது. சைடு ஸ்டாண்டை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். வண்டி தாழ்ந்துவிட்டதால் பழைய ஸ்டாண்டில் நேராக நிற்கும். யாராவது உரசினாலே மறுபக்கம் சாயும். அதை வெட்டிச் சுருக்கி வெல்டிங் செய்ய வேண்டும்.

ரிம்மின் அகலத்தில் ஆசைப்படாதீர்கள். முன்னால் 3.5, பின்னால் 4.25 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள ரிம்கள் 400 சிசியும் அதற்கு மேலும் உள்ள வண்டிகளுக்கு. 20 எச்பிக்கும் குறைவான வண்டியில் அகலமான டயர் போட்டால் திரும்புவதற்கே சோம்பும். ஹப்பையும் ரிம்மையும் ஸ்போக் கட்டத் தெரிந்தவரிடம் கொடுங்கள். பெரிய டிஸ்க் போடுவதானால் பிரேக் காலிபரைப் பிடிக்கும் பிராக்கெட்டை நல்ல அலுமினியக் கட்டியிலிருந்து மில்லிங் மெஷினில் வெட்டிச் செய்யச் சொல்லுங்கள். தகட்டை வெட்டி வளைத்த பிராக்கெட்டை நம்பி எந்த வளைவிலும் இறங்க வேண்டாம்.

இந்தியாவில் சட்டப் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அதனால் மாற்றி அமைக்கிறவர்களுக்கு நான் சொல்லும் வழி, இரண்டு ஜோடி சக்கரம் வைத்துக்கொள்வது. தெருவில் கம்பெனி சக்கரம், ட்ராக்குக்குப் போனதும் 17 அங்குலம். தெருவிலும் சூப்பர்மோட்டோவாகவே ஓட்ட வேண்டும் என்றால், ஆலையிலிருந்தே அப்படி வரும் வண்டிக்குப் பணம் சேர்ப்பது நல்லது.

படி 5: பழைய வண்டியைப் பார்க்கப் போகும்போது

'வரும்போது வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க அண்ணா' என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். போனதும் முதல் வேலையாக எஞ்சின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை பேசும்: எத்தனை முறை செல்ஃப் அடித்தால் பிடிக்கிறது, முதல் சில நொடிகளில் கேம் செயின் சத்தம் போடுகிறதா, புகை வருகிறதா, வந்தால் என்ன நிறம்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் வண்டியைத் தூக்கி நிறுத்தி, சின்ன ஸ்பேனரால் இரண்டு சக்கரத்தின் ஸ்போக்கையும் வரிசையாக லேசாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். இறுக்கமான ஸ்போக் கணீர் என்று ஒலிக்கும். தளர்ந்தது மந்தமாகத் 'தொட்' என்னும். ஒன்றிரண்டு தளர்ந்திருந்தால் இறுக்கிக்கொள்ளலாம். அடுத்தடுத்து நாலைந்து மந்தமாக ஒலித்தால், அந்த இடத்தில் ரிம்மின் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு நெளிவு தட்டுப்படும். சக்கரத்தைத் தூக்கிக் குதித்துக் குதித்து இறக்கியிருக்கிறார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

அந்தக் குதிப்பின் மிச்சம் ஹேண்டில்பார் திரும்பும் பேரிங்கான கோன்செட்டிலும் இருக்கும். முன் சக்கரம் தரையில் படாமல் ஹேண்டில்பாரை மெதுவாக இடமிருந்து வலம் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் லேசாகச் சிக்கி நின்றால் பேரிங் குழி விழுந்துவிட்டது. அப்புறம் ஃபோர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஃபோர்க் குழாயில் ஆயில் கோடு, ஸ்விங்ஆர்மில் ஆட்டம், சக்கர பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா பாருங்கள். இவை எல்லாம் சில ஆயிரம் ரூபாய் சமாச்சாரம்தான். பேரம் பேச உதவும்.

பேரமே பேசாமல் திரும்ப வேண்டிய இடம் ஆயில். ஓனர் சம்மதித்தால் ட்ரெயின் போல்ட்டைக் கழற்றி அதன் காந்தத்தைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் பசை மாதிரி நைசாக ஒட்டியிருந்தால் பயமில்லை, எல்லா எஞ்சினிலும் இருக்கும். விரலில் தேய்த்தால் நறநறக்கும் துணுக்குகள், ஊசி மாதிரி இரும்புச் சில்லு, வடித்த ஆயிலில் பொன்னிற மினுமினுப்பு இவற்றில் எது இருந்தாலும் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். கழற்ற ஓனர் சம்மதிக்கவில்லை என்றால், புது ஆயிலும் ஃபில்டரும் நீங்களே வாங்கிக் கொடுப்பதாகச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது இரண்டாவது, மூன்றாவது கியரில் கீழ் ஆர்பிஎம்மிலிருந்து முழுத் த்ராட்டில் கொடுங்கள். கியர் குதித்தால் எஞ்சினைப் பிளக்காமல் சரி செய்ய முடியாது. கடைசியாக ஃபிரேமில் ஹேண்டில்பார் முட்டி நிற்கும் அந்தச் சின்னப் புடைப்பைப் பாருங்கள். நசுங்கியோ, வெல்டிங் செய்தோ இருந்தால் வண்டி பலமாக விழுந்திருக்கிறது. ஃபுட்பெக் முனையில் இருக்கும் உரசலைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். சூப்பர்மோட்டோ என்றால் உரசும்.

ஆர்சி புக்கில் உள்ள சேசிஸ் எண், எஞ்சின் எண் இரண்டையும் வண்டியில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஓடோமீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். சக்கரம் மாற்றிய வண்டியில் அந்தக் கிலோமீட்டரும் தவறாக இருக்கும்.

படி 6: வாங்கிய பிறகு, முதல் ட்ராக் நாளுக்கு முன்

ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் மூன்றையும் புதிதாக மாற்றி, தேதியும் ஓடோமீட்டரும் எழுதி வையுங்கள். டேப்பெட் கிளியரன்ஸை (வால்வுக்கு மேலே விடும் நுண்ணிய இடைவெளி) ஒருமுறை அளந்து அந்த எண்ணையும் எழுதுங்கள். அடுத்த முறை அளக்கும்போது இடைவெளி எந்தப் பக்கம் நகர்கிறது என்பதுதான் எஞ்சினின் உடல்நிலையைச் சொல்லும். ஒற்றை அளவு அவ்வளவாகச் சொல்லாது. ஒரு சின்ன ஹவர் மீட்டர் வாங்கி மாட்டுங்கள். கிலோமீட்டர் கணக்கு எஞ்சினாக இருந்தாலும் ட்ராக்கில் ஓடும் நேரத்தைத் தனியாக எண்ண வேண்டும். ட்ராக்கில் ஒரு முழு நாள் ஓட்டினால், கையேடு என்ன சொன்னாலும் வழக்கத்துக்கு முன்பே ஆயிலை மாற்றிவிடுவது என் வழக்கம்.

ட்ராக் நாளில் கூலன்டுக்கு பதில் வெறும் தண்ணீர் கேட்கிறார்களா, ட்ரெயின் போல்ட்டுக்குக் கம்பி கட்டச் சொல்கிறார்களா, என்ன உடை வேண்டும் என்று நடத்துகிறவர்களிடம் முன்கூட்டியே கேளுங்கள். ஒரு கால் முன்னே நீட்டி ஓட்டும் பழக்கம் இருந்தால் நல்ல பூட்ஸ் இல்லாமல் இறங்காதீர்கள்; கணுக்கால்தான் முதலில் அடிபடும். வண்டி இன்ஷூரன்ஸ் பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் பொருந்தாது. ட்ராக்கில் விழுந்தால் செலவு முழுக்க உங்களுடையது என்று நினைத்து, ஒரு கிளட்ச் லிவர், ஒரு பிரேக் லிவர், ஒரு கியர் லிவர், ஒரு ஜோடி ஃபுட்பெக் எப்போதும் பையில் வைத்திருங்கள். இவற்றில் எதாவது உடைந்தால் பத்து நிமிடத்தில் மாற்றிக்கொண்டு அடுத்த சுற்றுக்குப் போய்விடலாம்.